கலப்பினப் பன்மடியத் தாவரங்களில் மரபணு வெளிப்பாடு: பெற்றோரின் சராசரி ஏன் கிடைப்பதில்லை?

பதிவு 1 – பருத்திக்காடு

அனைவருக்கும் வணக்கம். நான் வேளாண் பட்டமேற்படிப்பில் பயிர் மரபியல் பயிலும் மாணவி. பருத்தியைப் பற்றிப் படிக்கும்போது எழுந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக விளைந்து வந்த கருங்கண்ணி, காசிப்பியம் ஆர்போரியம் என்னும் இருமடிய (இரண்டு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட) இனம்; அதன் உடற்செல்களில் 26 குரோமோசோம்கள் உள்ளன. கடந்த நூற்றாண்டில் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட அமெரிக்கப் பருத்தியான காசிப்பியம் ஹிர்சுட்டத்தில் 52 குரோமோசோம்கள் உள்ளன. ஆர்போரியத்துக்கு நெருங்கிய உறவான, ‘ஏ’ மரபணுத்தொகை கொண்ட ஒரு பழைய உலகப் பருத்தியும், பெரு நாட்டின் ரைமாண்டி இனத்துக்கு நெருக்கமான, ‘டி’ மரபணுத்தொகை கொண்ட ஒரு புதிய உலகப் பருத்தியும் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்ததால் இந்த நான்மடியம் (நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட இனம்) பிறந்தது என்று படித்திருக்கிறேன்.

அப்படியானால் பெரும்பாலான மரபணுக்கள் அதில் இரண்டு இணைப்படிகளாக இருக்க வேண்டும்: ஒன்று ‘ஏ’ வழி வந்தது, மற்றொன்று ‘டி’ வழி வந்தது. ஒவ்வொரு படியும் தன் பழைய இனத்தில் எவ்வளவு வேலை செய்ததோ அதே அளவு இங்கும் வேலை செய்தால், மொத்த வெளிப்பாடு (மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் அளவு) இரு பெற்றோரின் சராசரியாக அமைய வேண்டும் அல்லவா? ஆனால் படிக்கும் கட்டுரைகள் எல்லாம் அப்படி அமையாத மரபணுக்களைப் பற்றியே பேசுகின்றன. படியின் டி.என்.ஏ.வில் ஒரு எழுத்தும் மாறாதிருக்க, அதன் வெளிப்பாடு மட்டும் ஏன் மாறுகிறது? அந்த மாற்றம் இரு மரபணுத்தொகைகள் கலந்த கணத்தில் நேர்வதா, இரட்டித்ததால் நேர்வதா, அல்லது பிற்பாடு தலைமுறை தலைமுறையாகச் சேர்வதா? விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதிவு 2 – நுண்ணோக்கி

வணக்கம் மாணவியாரே. சராசரியை எதிர்பார்ப்பதுதான் சரியான தொடக்கம், ஏனெனில் எல்லா ஒப்பீட்டுக்கும் அதுவே அடிப்படைக் கோடு. அந்தக் கோட்டிலேயே நிற்கும் மரபணுக்களும் ஏராளம். 2006-இல் டெக்சாஸைச் சேர்ந்த ஜெஃப்ரி சென் குழுவினர், அராபிடாப்சிஸ் தாலியானாவையும் அராபிடாப்சிஸ் அரினோசாவையும் செயற்கையாக இணைத்து உருவாக்கிய நான்மடியங்களில், மரபணுக்களில் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே சராசரியிலிருந்து விலகியிருப்பதைக் கண்டார்கள். ஆனால் விலகியவை எத்தனை என்பதைவிட அவை எந்தப் பக்கம் விலகின என்பது முக்கியமானது. அவற்றில் 65 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஒடுக்கப்பட்டிருந்தன. ஒடுக்கப்பட்டவற்றில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, பெற்றோரில் தாலியானாவிடம் கூடுதலாக வெளிப்பட்ட மரபணுக்கள். தற்செயலாக நிகழும் குழப்பம் இவ்வளவு ஒருபக்கமாகச் சாயாது.

படியில் ஒரு எழுத்தும் மாறாதபோது வெளிப்பாடு ஏன் மாறுகிறது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை இரண்டு வகையான கட்டுப்பாடுகள் நிர்ணயிக்கின்றன. முதலாவது, அந்த மரபணுவுக்கு அருகில் அதே டி.என்.ஏ. இழையில் இருக்கும் கட்டுப்பாட்டுத் துண்டு. இதைச் ‘சிஸ்’ கட்டுப்பாடு என்பார்கள். இரண்டாவது, வேறெங்கோ உள்ள மரபணுவிலிருந்து உருவாகி, உட்கருவில் உலவி, அந்தத் துண்டில் வந்து ஒட்டும் புரதம் அல்லது சிற்றளவு ஆர்.என்.ஏ.; இது ‘டிரான்ஸ்’ கட்டுப்பாடு. சிஸ் துண்டு தன் மரபணுவை விட்டு நகராது, ஆனால் டிரான்ஸ் பொருள் எந்தப் படி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. தனித்தனி இனங்களாக இருந்தபோது ‘ஏ’ புரதம் ‘ஏ’ துண்டை மட்டுமே கண்டது, ‘டி’ புரதம் ‘டி’ துண்டை மட்டுமே கண்டது. இரண்டும் ஓர் உட்கருவுக்குள் வந்துவிட்ட பிறகு இரண்டு புரதங்களும் இரண்டு துண்டுகளையும் காண்கின்றன. பல லட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்து தனித்தனியே ஒத்திசைந்துகொண்ட இரு அமைப்புகள் இப்படிக் குறுக்கே சந்திக்கும்போது, சில படிகள் இதுவரை பெறாத தூண்டலைப் பெறுகின்றன, சில படிகள் இதுவரை காணாத தடையைச் சந்திக்கின்றன.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பூக்கும் காலம். மேற்சொன்ன நான்மடியத்தைப் படைக்கப் பயன்பட்ட தாலியானா சீக்கிரம் பூப்பது. பூப்பதைத் தள்ளிப்போடும் எஃப்.எல்.சி. என்ற மரபணு அதனிடம் உண்டு, ஆனால் அந்த மரபணுவைத் தூண்ட வேண்டிய ஃபிரிஜிடா என்ற மற்றொரு மரபணு செயலிழந்திருக்கிறது. அரினோசாவிடம் ஃபிரிஜிடா நன்றாகச் செயல்படுகிறது. இரண்டும் ஒரு செடியில் சேர்ந்ததும், அரினோசாவின் ஃபிரிஜிடா தாலியானாவின் எஃப்.எல்.சி.யைத் தூண்டிவிட, அந்தச் செடி தாமதமாகப் பூக்கிறது. தாலியானாவின் எஃப்.எல்.சி. படியில் எந்த மாற்றமும் இல்லை. அதைத் தூண்டும் துணை மட்டும் வேறொரு வீட்டிலிருந்து வந்தது.

பதிவு 3 – கடுகுமணி

நுண்ணோக்கி ஐயாவின் விளக்கம் அருமை. ஆயினும் எல்லாவற்றையும் சிஸ்–டிரான்ஸ் என்ற இரட்டைக்குள் அடக்கிவிட்டால், டி.என்.ஏ.யின் மேல் ஏறும் வேதிக் குறிகள் செய்யும் வேலை கண்ணில் படாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

நாம் தாளிக்கும் கடுகையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராசிக்கா ஜன்சியா என்னும் அந்தச் செடி, பிராசிக்கா ராபாவும் பிராசிக்கா நைக்ராவும் இணைந்து உருவான நான்மடியம். பிராசிக்கா பேரினத்தின் இந்த உறவுமுறைகளை நாகஹாரு யு 1935-இல் ஒரு முக்கோண வரைபடமாக நிறுவினார். கடுகின் இலைச் செல்களைப் பார்த்தால், ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் மரபணுக்களில் நைக்ராவிடமிருந்து வந்தவை மட்டுமே இயங்குகின்றன; ராபாவிடமிருந்து வந்தவை உடன் இருந்தும் அடங்கிக் கிடக்கின்றன. அதே ராபா, ஒலரேசியாவுடன் இணைந்து பிராசிக்கா நேப்பஸ் என்ற எண்ணெய்க் கடுகாகும்போது மேலோங்கிவிடுகிறது. நைக்ரா, ராபா, ஒலரேசியா என்பதே மேலோங்கும் வரிசை. தாய்ச்செடி எது என்பது இந்த வரிசையை மாற்றுவதில்லை. கலப்பினங்களில் ஒரு பெற்றோரின் உட்கருமணி (உட்கருவுக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாகும் இடம்) மட்டும் மேலோங்கும் நிகழ்வை 1934-லேயே நவாஷின் கிரெபிஸ் செடிகளில் விவரித்திருக்கிறார்.

1997-இல் சென்னும் கிரெய்க் பிக்கார்டும் செய்த சோதனை இதன் இயங்குமுறையைத் திறந்து காட்டியது. டி.என்.ஏ.யில் மெத்தில் ஏறுவதைத் தடுக்கும் வேதிப்பொருளையும், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குறிகள் நீங்குவதைத் தடுக்கும் வேதிப்பொருளையும் கொடுத்தபோது, அடங்கியிருந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டன. இலையில் உறங்கிய மரபணுக்கள் பூவின் உறுப்புகளில் தாமாகவே இயங்குவதையும் அவர்கள் கண்டார்கள். எனவே அந்த மரபணுக்கள் கெட்டுப்போகவும் இல்லை, தொலையவும் இல்லை. செல்லுக்கேற்ப மாற்றத்தக்க ஒரு பூட்டு அவற்றின்மேல் இருக்கிறது.

பதிவு 4 – நுண்ணோக்கி

கடுகுமணி அம்மாவின் திருத்தத்தை ஏற்கிறேன், ஒரு வரம்போடு. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கப்பட்டவை. ஒரு குழுமமே மொத்தமாகத் திறக்கிறது, மொத்தமாக மூடுகிறது. ஒற்றைப் படியாக இருக்கும் பிற மரபணுக்களில் அதே அளவுக்கு முழுமையான அடக்கத்தை எதிர்பார்க்கலாகாது. உட்கருமணியில் வென்ற பெற்றோரே மற்ற மரபணுக்களிலும் வெல்வார் என்று முடிவுகட்டுவதும் கூடாது.

பதிவு 5 – பருத்திக்காடு

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. ‘வெல்வது’, ‘மேலோங்குவது’ என்ற சொற்கள் வந்ததால் என் அடுத்த ஐயத்தைக் கேட்கிறேன். பருத்தியைப் பற்றி ஒரு கட்டுரை ‘ஏ’ மேலோங்குகிறது என்கிறது. இன்னொன்று, ‘டி’ படிகளும் சம அளவில் வெளிப்படுகின்றன என்கிறது. இரண்டும் ஒரே வகைச் செடிகளைப் பற்றியவை. எதை நம்புவது?

பதிவு 6 – நுண்ணோக்கி

இரண்டையும் நம்பலாம், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு அளவுகளைப் பேசுகின்றன. இந்தத் துறையில் படிப்பவரை அதிகம் தடுமாறச் செய்யும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கற்பனை மரபணுவை வைத்துப் பார்ப்போம். ‘ஏ’ பெற்றோரில் அதன் வெளிப்பாடு 100, ‘டி’ பெற்றோரில் 20. சராசரி 60. எதுவும் மாறாதிருந்தால், கலப்பினத்தில் ‘ஏ’ படி 50-ம் ‘டி’ படி 10-ம் தந்து, மொத்தம் 60 ஆக வேண்டும். இப்போது உண்மையான செடியில் மொத்தம் 100 என்று அளவிடப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த அளவை மட்டும் பார்ப்பவர், ‘ஏ’ பெற்றோரைப் போலவே இருக்கிறது, ஆகவே ‘ஏ’ மேலோங்கிவிட்டது என்பார். படிகளைப் பிரித்து எண்ணுபவர் ‘ஏ’ 50, ‘டி’ 50 என்று கண்டு, எந்தப் பக்கமும் சாய்வில்லை என்பார். இருவரும் சொல்வது உண்மை. உள்ளே நடந்தது என்னவென்றால், ‘ஏ’ படி தன் பழைய அளவிலேயே நிற்க, ‘டி’ படி 10-லிருந்து 50-க்கு ஏறியிருக்கிறது. ‘ஏ’ மேலோங்கியதாகத் தோன்றச் செய்தது, அடங்கிப்போனதாக நாம் கருதிய ‘டி’ படியின் எழுச்சியே.

இது கணக்குக்காக நான் புனைந்த விந்தையன்று. பருத்தியில் நடப்பது பெரும்பாலும் இதுவே. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் வெண்டல் ஆய்வகத்தினர் 2009-இல், ஆர்போரியத்தையும் தர்பெரி என்ற ‘டி’ வகைக் காட்டுப் பருத்தியையும் இணைத்த செயற்கை நான்மடியத்தில், ஏராளமான மரபணுக்களின் மொத்த அளவு ஒரு பெற்றோரின் அளவுக்கே நகர்ந்திருப்பதைக் காட்டினர். 2013-இல் அதே ஆய்வகம் படிகளைப் பிரித்து எண்ணியபோது, அந்த நகர்வுக்குப் பெரும்பாலும் காரணம் மேலோங்காத பெற்றோரின் படி ஏறுவதோ இறங்குவதோதான் என்பது புலப்பட்டது. முன்பு நான் சொன்ன டிரான்ஸ் கட்டுப்பாட்டோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: ‘ஏ’ பக்கத்து வலிய தூண்டல் ‘டி’ படியின் துண்டையும் பற்றிக்கொண்டால் இப்படித்தான் நேரும்.

இதற்கு மறுதலையும் உண்டு. மொத்தம் 60 என்ற எதிர்பார்த்த எண்ணே வந்து, உள்ளே ‘ஏ’ 5, ‘டி’ 55 என்று தலைகீழாக மாறியிருக்கலாம். மொத்த அளவை மட்டும் பார்ப்பவர், இங்கே எதுவுமே நடக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். ஆகவே ஒரு கட்டுரையில் ‘மேலோங்கல்’ என்று படித்தவுடன், எந்த அளவில் என்று முதலில் பாருங்கள்.

பதிவு 7 – உவர்நிலம்

கலந்ததால் மாறியதா, இரட்டித்ததால் மாறியதா என்ற முதற் கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, கலந்த ஆனால் இரட்டிக்காத செடியும், அதே கலப்பிலிருந்து இரட்டித்த செடியும் அருகருகே கிடைக்க வேண்டும். இயற்கை அப்படியொரு வாய்ப்பை இங்கிலாந்தின் தென்கரையில் தந்திருக்கிறது.

அமெரிக்க உவர்ச் சதுப்புப் புல்லான ஸ்பார்ட்டினா ஆல்ட்டர்னிஃப்ளோரா கப்பல்கள் வழியே சவுத்தாம்ப்டன் கழிமுகத்தை அடைந்து, ஐரோப்பாவின் ஸ்பார்ட்டினா மாரிட்டிமாவுடன் கலந்தது. விதை தராத அந்தக் கலப்பினம், ஸ்பார்ட்டினா டவுன்செண்டி, 1870-இல் ஹைத் என்ற ஊரருகே பதிவாயிற்று. 1890-களில் அதன் குரோமோசோம்கள் இரட்டித்து, விதை தரும் ஸ்பார்ட்டினா ஆங்கிலிக்கா தோன்றியது. பிறகு அது பல நாடுகளின் சேற்றுக் கரைகளை ஆக்கிரமித்தது. பெற்றோர், கலப்பினம், இரட்டித்த இனம் ஆகிய மூன்று நிலைகளும் இன்றும் உயிரோடு உள்ளன என்பதே இதன் அருமை.

பிரான்சின் ரென் நகரில் மலிக்கா ஐனூஷ் குழுவினர் இவற்றை ஒப்பிட்டனர். பெற்றோரின் மெத்தில் ஏற்ற அமைப்புகளில் சுமார் 30 விழுக்காடு கலப்பினத்திலேயே மாறியிருந்தது. வெளிப்பாட்டிலும் கலப்பு ஏற்படுத்திய மாற்றமே பெரிது. இரட்டிப்பு அதன் ஒரு பகுதியைத் தணித்து, சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தது. இரு வேறு மரபணுத்தொகைகள் சந்திப்பதே செல்லுக்குப் பேரதிர்ச்சி என்று பார்பரா மெக்ளின்டாக் 1983-ஆம் ஆண்டு நோபல் உரையில் முன்வைத்த கருத்துக்கு இது நெருங்கி வருகிறது.

பிற்பாடு தலைமுறைகளில் சேர்வது என்ன என்பதற்கு ஸ்காட்லாந்தின் மிமுலஸ் பூச்செடி நல்ல சான்று. வட அமெரிக்க மிமுலஸ் குட்டேட்டஸும் தென் அமெரிக்க மிமுலஸ் லூட்டியஸும் 19-ஆம் நூற்றாண்டில் அழகுச் செடிகளாகப் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டுக் கலந்தன. அதிலிருந்து இரட்டித்துப் பிறந்த மிமுலஸ் பெரெகிரினஸ் 2012-இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 2017-இல் வெளியான ஆய்வு, ஆய்வகத்தில் அன்று பிறந்த கலப்பினத்தையும், செயற்கையாக இரட்டித்த செடியையும், ஏறத்தாழ 140 ஆண்டு வயதுள்ள இயற்கை இனத்தையும் வரிசையில் நிறுத்தியது. லூட்டியஸ் படிகளின் மேலோங்கல் முதல் தலைமுறையிலேயே தெரிந்தது, தலைமுறைகள் ஏறஏற வலுத்தது. மரபணுக்களின் அருகில் இருந்த மெத்தில் குறிகளில் ஒரு வகை முதற் கலப்பினத்தில் குறைந்து, பிறகு மீண்டும் எழுதப்பட்டது. ஆனால் இரு பக்கத்திலும் ஒரே மாதிரியாக எழுதப்படவில்லை.

இங்கேதான் கடுகுமணி அவர்கள் சொன்ன பூட்டு, தாவும் மரபணுக்களோடு இணைகிறது. மரபணுத்தொகையில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளை அடக்க, செல் 24 எழுத்து நீளமுள்ள சிற்றளவு ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு அவற்றின்மேல் மெத்தில் ஏற்றுகிறது. அந்தத் துண்டு ஒரு மரபணுவை ஒட்டி அமர்ந்திருந்தால், அடக்கம் அந்த மரபணுவையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். ஆகவே எந்தப் பெற்றோரின் மரபணுக்களைச் சுற்றித் தாவும் துண்டுகள் நெருக்கமாக இருக்கின்றனவோ, அந்தப் பெற்றோரின் படிகள் கலப்பினத்தில் தாழ்ந்து நிற்க வாய்ப்பு மிகுதி. எந்தப் பெற்றோர் மேலோங்குவார் என்பது கலப்பதற்கு முன்பே பாதி எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லும் அளவுக்கு இந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன்.

பதிவு 8 – கடுகுமணி

‘பேரதிர்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டதும் எதுவும் எப்படியும் நிகழலாம் என்று எண்ணத் தோன்றும். வாஷிங்டன் மாநிலத்துப் பலூஸ் பகுதியின் டிராகோபோகான் செடிகள் அதற்கு மாறானதைச் சொல்கின்றன. ஐரோப்பாவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்த டிராகோபோகான் டூபியஸும் டிராகோபோகான் பிராட்டென்சிஸும் கலந்து, மிசெல்லஸ் என்ற நான்மடியத்தைப் பல இடங்களில் தனித்தனியே உருவாக்கின; மேரியன் ஓன்பி அதை 1950-இல் விவரித்தார். புல்மன் நகரத்துச் செடிகளுக்கு டூபியஸ் தாய், பிற இடத்துச் செடிகளுக்குப் பிராட்டென்சிஸ் தாய். இப்படித் தனித்தனியே தோன்றிய கூட்டங்களிலும், டூபியஸ் வழிப் படிகளே கூடுதலாகத் தொலைந்திருக்கின்றன, அதுவும் பல இடங்களில் அதே மரபணுக்கள். அதிர்ச்சி இருக்கிறது, ஆனால் விளைவு கண்மூடித்தனமானதன்று.

காலத்தைப் பற்றியும் ஒன்று. பெற்றோரில் குறிப்பிட்ட திசுவில் மட்டும் வெளிப்பட்ட படிகள், முதற் கலப்பினங்களில் எல்லாத் திசுக்களிலும் தளர்ந்து திறந்துகொள்கின்றன. ஏறத்தாழ 40 தலைமுறை கடந்த இயற்கைச் செடிகளில்தான் படிகள் திசுவாரியாக மீண்டும் அடங்குகின்றன என்று 2011-இல் ரிச்சர்ட் பக்ஸும் சோல்டிஸ் இணையரின் குழுவும் காட்டினார்கள். திறப்பு உடனே நிகழ்கிறது, பங்கீடு மெதுவாக வருகிறது.

பதிவு 9 – அளவுகோல்

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுகிறார்கள். அந்த எண்கள் பிறக்கும் முறையில் இரண்டு கண்ணிகள் உண்டு.

ஆர்.என்.ஏ. வரிசையிடலில் நாம் பெறுவது, மொத்த ஆர்.என்.ஏ.வில் ஒரு மரபணுவின் பங்கு. ஒரு செல்லில் மொத்த ஆர்.என்.ஏ. எவ்வளவு என்பது அதில் தெரியாது. நான்மடியச் செல் பொதுவாகப் பெரியது. ஜெரமி கோட்டும் ஜெஃப் டாயலும் சோயாவின் காட்டு உறவான கிளைசின் டோலிக்கோகார்ப்பா என்ற நான்மடியத்தை 2010-இல் அளந்தபோது, அதன் இலையின் ஒட்டுமொத்த ஆர்.என்.ஏ. படியெடுப்பு இருமடியப் பெற்றோரைப் போல 1.4 மடங்கு என்று கண்டார்கள். இரு மடங்கும் இல்லை, ஒரு மடங்கும் இல்லை. ஆகவே பங்கு மாறாத ஒரு மரபணு, ஒரு செல்லுக்கு என்று கணக்கிட்டால் 1.4 மடங்கு ஏறியிருக்கிறது. ஒரு மரபணுப் படிக்கு என்று கணக்கிட்டால் 0.7 மடங்காக இறங்கியிருக்கிறது. மூன்று விடைகளும் சரி. எந்த அலகில் பேசுகிறோம் என்று சொல்லாமல் “வெளிப்பாடு மாறவில்லை” என்று எழுதுவது பொருளற்றது.

இரண்டாவது, படிகளைப் பிரித்தறிவது. ‘ஏ’ படிக்கும் ‘டி’ படிக்கும் இடையே எழுத்து வேறுபாடுகள் மிகச் சில. நாம் ஒப்பிடும் மூல வரிசை ‘டி’ இனத்துடையதாக இருந்தால், ‘டி’ துண்டுகள் தடையின்றிப் பொருந்தும், ‘ஏ’ துண்டுகளில் ஒரு பகுதி பொருந்தாமல் உதிர்ந்துபோகும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ‘டி’ சாய்வு தோன்றிவிடும். கோதுமையில் ஏ, பி, டி என மூன்று மரபணுத்தொகைகள் இருப்பதால் சிக்கல் இன்னும் கூடும். 2018-இல் மூல வரிசை நன்றாக அமைந்த பிறகு வெளியான ஆய்வில், மும்மைகளாக இருக்கும் மரபணுக்களில் சுமார் 70 விழுக்காடு மூன்று பக்கமும் சமநிலையில் வெளிப்படுவது தெரியவந்தது. ‘ஒரு பெற்றோர் மேலோங்குகிறார்’ என்ற கதையைச் சொல்லத் துடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் இருத்த வேண்டும் என்பது என் கருத்து.

பதிவு 10 – வைகைக்கரை

நான் பருத்தி இனவிருத்தியில் பணியாற்றியவன். மூலக்கூறு வேலை செய்தவன் அல்லன். இவ்வளவு நேரம் பேசியது வயலில் எங்கே தெரிகிறது என்று இளையவர்கள் கேட்பார்கள் என்பதால் நூலிழையைப் பற்றி எழுதுகிறேன்.

பருத்திக் கொட்டையின் மேல்தோலில் உள்ள ஒரு செல் நீண்டு வளர்வதே ஓர் இழை. கருங்கண்ணியின் கொட்டையில் நூற்கத்தக்க இழை உண்டு. ‘டி’ இனக் காட்டுச் செடிகளின் கொட்டையில் இருப்பது நூற்க முடியாத குறுமயிர் மட்டுமே. ஆகவே நான்மடியத்தின் இழைக்கு ‘ஏ’ பக்கமே முழுப்பொறுப்பு என்று எவரும் எண்ணுவர். ஆனால் 1998-இல் ஆண்ட்ரூ பேட்டர்சன் குழுவினர் இழையின் தரத்தைத் தீர்மானிக்கும் மரபுப் பகுதிகளைக் குரோமோசோம்களில் தேடியபோது, அவற்றில் பெரும்பாலானவை ‘டி’ பக்கத்துக் குரோமோசோம்களில் கிடைத்தன. நூலே தராத பெற்றோரின் மரபணுக்கள், ‘ஏ’ பக்கத்துச் சூழலுக்குள் வந்த பிறகு இழையை நீட்டும் வேலையில் பங்கேற்கின்றன! நுண்ணோக்கி ஐயா எண்களில் காட்டிய ‘டி’ படியின் எழுச்சியைப் படித்தபோது எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது. அமெரிக்கப் பருத்தியின் இழை இருமடியப் பருத்தியின் இழையைவிட நீளமாக அமைந்ததற்கு இந்தக் கூட்டுழைப்பும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

சூழலும் படிகளைத் தேர்ந்தெடுக்கிறது. ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் மரபணுக்களில் ஒன்றைக் கீத் ஆடம்ஸ் ஆய்வகத்தினர் பருத்தி நாற்றுகளில் 2007-இல் ஆராய்ந்தார்கள். நாற்றை நீரில் மூழ்கடித்தபோது விதையிலைக்குக் கீழுள்ள தண்டில் ஒரு பெற்றோரின் படி மட்டும் இயங்கியது. குளிரில் வைத்தபோது மற்றப் பெற்றோரின் படி மட்டும் இயங்கியது. அராபிக்கா காப்பியும் யூஜினியாய்டிஸ், கனிஃபோரா இனங்கள் கலந்த நான்மடியம்தான். அதில் எந்தப் பெற்றோரின் அளவு மேலோங்கும் என்பது வளரும் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதாக 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வெப்பநிலையில் ஒரே இலையை எடுத்து ஆராய்ந்துவிட்டு, இந்த இனத்தில் இந்தப் பெற்றோர் மேலோங்குகிறார் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

பதிவு 11 – பருத்திக்காடு

வைகைக்கரை ஐயா, இழையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் ஆய்வேட்டுத் தலைப்பையே அந்தப் பக்கம் திருப்பலாம் என்று தோன்றுகிறது. ஆர்போரியம், ‘டி’ வகை இருமடியம், அவற்றின் கலப்பினம், அதைக் கோல்ச்சிசின் கொண்டு இரட்டித்த செடி, ஹிர்சுட்டம் ஆகிய ஐந்தையும் வைத்து, இழை நீளும் பருவத்தில் சில மரபணுக்களின் இணைப்படிகளை மட்டும் எண்ணிப் பார்க்க எண்ணுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதிவு 12 – வைகைக்கரை

நல்ல தேர்வு, அம்மா. பீஸ்லி 1940-இல் ஆர்போரியத்தையும் தர்பெரியையும் கலந்து இரட்டித்து, அந்தச் செடியை அமெரிக்கப் பருத்தியோடு கலந்துதான் அதன் பிறப்பை மெய்ப்பித்தார். நம் கண்வலிக்கிழங்கு விதையிலும் உள்ள கோல்ச்சிசினே அதற்குக் கருவி. இழைப் பருவத்தைப் பூத்த நாளிலிருந்து எண்ணுங்கள். காய் அளவைப் பார்த்து எடுத்தால் ஐந்து செடிகளும் வெவ்வேறு பருவத்தில் இருக்கும், நீங்கள் அளப்பது கலப்பின் விளைவாக இராது. இரட்டிக்காத கலப்பினம் மலடு என்பதால் அதில் காய் நிற்காது. ஆகவே அந்த ஒப்பீட்டுக்குப் பூத்த அன்றைய சூல்களையோ, இலையையோ, இதழையோ பயன்படுத்த வேண்டியிருக்கும்.

பதிவு 13 – அளவுகோல்

என் பங்குக்கு ஒரே ஒரு முன்சோதனையைச் சொல்கிறேன். ஆர்.என்.ஏ.வைத் தொடுவதற்கு முன், இரு பெற்றோரின் டி.என்.ஏ.வைச் சமமாகக் கலந்து, அந்தக் கலவையில் உங்கள் முறை ‘ஏ’ படியையும் ‘டி’ படியையும் ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணுகிறதா என்று பாருங்கள். இங்கே சமம் என்பது எடையில் சமம் அன்று. ‘ஏ’ மரபணுத்தொகை ஏறத்தாழ 170 கோடி எழுத்துகள் கொண்டது, ‘டி’ அதில் பாதியளவே. ஒரே எடையில் எடுத்தால் ‘டி’ படிகள் இரு மடங்காக வந்துவிடும். ஆகவே ‘ஏ’ டி.என்.ஏ.வை ஏறத்தாழ இரு மடங்கு எடையில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் ஒரு மரபணுவில் ஒன்றுக்கு ஒன்று வரவில்லை என்றால் கோளாறு உங்கள் முறையில் இருக்கிறது. அந்த மரபணுவை விலக்கிவிட்டு மற்றவற்றோடு செடிக்குச் செல்லுங்கள்.